தென் துருவம் வரை போன பைக்... கடுங்குளிரில் முதலில் முடங்குவது இன்ஜினா, நாமா?

மார்கழி மாசம், விடிகாலை ஐந்தேகால் மணி. ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டில் இருந்து முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பும் பைக்குகளைப் பார்த்திருக்கிறீர்களா? யூனிஃபார்ம் மேல ஜெர்கின், ஹெல்மெட்டுக்குள்ள குரங்கு குல்லா, கழுத்துல மஃப்ளர். எல்லாம் இருக்கும், கையில கிளவுஸ் மட்டும் இருக்காது. டீக்கடை வந்ததும் வண்டிக்கு சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு, டீ கிளாஸை ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க. டீ குடிக்கிறதெல்லாம் அப்புறம்தான். முதல்ல விரல் மடங்கணும்.

போனை எடுத்து வெதர் ஆப்பைப் பார்த்தால் 20 டிகிரி என்று காட்டுகிறது. ஆபீஸ் ஏசியில் அதே 20 டிகிரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்கிறோம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. குளிர் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட வேண்டிய ஊர் நம்முடையது. அப்புறம் ஏன் பைக்கில் ஏறினால் மட்டும் விரல் விறைக்கிறது?

இதற்கு விடை தேடிப் போனால், நம்ம தொழிற்பேட்டையில் இருந்து நேராகத் தென் துருவத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலை வைத்திருக்கிற ராயல் என்ஃபீல்டின் இரண்டு ஹிமாலயன் பைக்குகள், 2021 டிசம்பர் 16 அன்று தென் துருவத்தைத் தொட்டன. ஓட்டியவர்கள் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த சந்தோஷ் விஜய் குமார், டீன் காக்ஸன். அண்டார்டிகாவில் டிசம்பர் என்பது கோடைக்காலம், சூரியன் மறையவே மறையாது. அப்பவும் அங்கே வெப்பநிலை மைனஸ் 25, மைனஸ் 30 என்றுதான் இருக்கும்.

அந்தப் பயணத்துக்காக பைக்கில் என்னவெல்லாம் மாற்றினார்கள் என்று பார்ப்போம். நம்ம டீ கிளாஸ் கேள்விக்கான பாதி பதில் அதில்தான் இருக்கிறது.

மாற்றியது எதை, யாருக்காக?

முதல் மாற்றம், முன்பக்க ஸ்ப்ராக்கெட். 15 பல் இருந்த இடத்தில் 13 பல். டாப் ஸ்பீடு குறையும், ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவை கூடும். மெத்தென்ற பனியில் புதைந்து புதைந்து போக வேண்டிய வண்டிக்கு ஸ்பீடு எதற்கு?

இரண்டாவது, டயர். ட்யூப்லெஸ் வீல், அதில் ஆணி பதித்த டயர். ட்யூப்லெஸ் ஏன்? காற்றை ரொம்பவும் குறைத்து ஓட்டலாம். டயர் தட்டையாகப் பரவி, பனியில் புதையாமல் மிதந்த மாதிரி போகும். ஆணிகள் ஐஸைக் கவ்விக்கொள்ளும்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். கூடுதல் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரை மாட்டினார்கள். ஹெட்லைட்டைப் பிரகாசமாக்குவதற்கு இல்லை. ஓட்டுபவர் உடம்பில் போட்டிருக்கும் சூடேறும் உடைகளுக்கு பைக் பேட்டரியில் இருந்தே மின்சாரம் கொடுப்பதற்கு!

யோசித்துப் பாருங்கள். துருவத்துக்குப் போகும் வண்டிக்குச் செய்த மூன்று பெரிய மாற்றங்களில் ஒன்று வண்டிக்கானதே இல்லை. இன்ஜின், தானே சூட்டைத் தயாரிக்கும் மெஷின். குளிர் அதிகமானால் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஒரு முறை ஓட ஆரம்பித்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிற 37 டிகிரி உடம்புதான் அந்த மொத்த செட்டப்பிலேயே வீக்கான பார்ட்.

(துருவத்துக்கு பைக்கில் போனது இவர்கள்தான் முதலா என்றால், இல்லை. ஜப்பானின் ஷின்ஜி கஸாமா 1987-ல் வட துருவத்துக்கும், 1992 ஜனவரியில் தென் துருவத்துக்கும் யமஹா பைக்கில் போய்விட்டார். அந்த யமஹாவுக்கும் வல்லம் வடகாலில் தொழிற்சாலை இருக்கிறது. ஆக, மைனஸ் 30 டிகிரியைப் பார்த்த இரண்டு கம்பெனிகளும் நம்ம ஊர்க்காரர்கள்தான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.)

காற்று எப்படி சூட்டைத் திருடுகிறது?

அசையாமல் நிற்கும்போது உங்கள் தோலை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். உடம்புச் சூட்டில் அதுவும் சூடாகி, ஒரு கண்ணுக்குத் தெரியாத போர்வை மாதிரி உங்களைச் சுற்றி நிற்கும். காற்றடித்தால் அந்தப் போர்வை பறந்துவிடும். உடம்பு திரும்ப ஒன்றைச் சூடாக்கும், அதுவும் பறக்கும். ஏசி ரூமில் 20 டிகிரி சுகமாக இருப்பதும், 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே 20 டிகிரி விரலைக் குத்துவதும் இதனால்தான். போதாக்குறைக்கு மார்கழிப் பனியின் ஈரம் வேறு ஜெர்கின் மேல் படிந்திருக்கும்.

இதை முதன்முதலில் அளந்து பார்த்ததும் அண்டார்டிகாவில்தான். பால் சைப்பிள் என்ற அமெரிக்கர், 1928-ல் ஒரு சாரணர் பையனாக அந்தக் கண்டத்துக்குப் பயணம் கிளம்பியவர். பிற்பாடு ஆராய்ச்சியாளராகத் திரும்பி வந்தார். 1939–41 பயணத்தில் அவரும் சார்லஸ் பாஸல் என்பவரும், ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை ஊற்றி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கணக்கெடுத்தார்கள். 'விண்ட் சில்' என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். இப்போது புழக்கத்தில் இருப்பது 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் திருத்திய சூத்திரம்.

அதில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். வெளியே 0 டிகிரி, எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், திறந்திருக்கும் முகத்துக்கு அது மைனஸ் 9 மாதிரி. வெளியே மைனஸ் 10 என்றால் மைனஸ் 23 மாதிரி. தென் துருவத்தின் மைனஸ் 25-ல் 40 கிலோமீட்டர் வேகம் போனாலே மைனஸ் 41 மாதிரி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சூத்திரம் 10 டிகிரிக்கும் கீழே உள்ள குளிருக்கு மட்டும்தான். ஒரகடத்தின் 20 டிகிரிக்கு இதைப் போட்டு "இன்னிக்கு மைனஸ்ல வேலைக்கு வந்தேன்" என்று ஸ்டேட்டஸ் வைக்க முடியாது. இன்னொன்று, விண்ட் சில் என்பது உயிருள்ள உடம்புக்கான கணக்கு. பைக் எவ்வளவு வேகமாகச் சூடு இறங்கினாலும் வெளி வெப்பநிலைக்குக் கீழே போகாது. காற்றுக்கு பயப்பட வேண்டியது நாம்தான்.

ஏன் எப்பவும் விரல்தான் முதலில்?

ஏனென்றால் உடம்பு உங்கள் விரலைக் கைவிட்டுவிடுகிறது. குளிர் வந்ததும் உடம்பின் முதல் வேலை, இதயம், மூளை, நுரையீரல் இருக்கிற நடுப்பகுதியை 37 டிகிரியில் காப்பாற்றுவது. அதற்காகக் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதே கைகளை நாம் ஹேண்டில்பாரில், எதிர்க்காற்றுக்கு நேரே நீட்டி வைத்திருக்கிறோம். அசைவும் கிடையாது. நடந்து போகிறவருக்காவது கை ஆடும், காலில் ரத்தம் ஓடும். பைக் ஓட்டுபவர் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆள்.

போன வருஷம் ஜனவரியில் ஊட்டி போயிருந்தேன். தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ரீல்ஸ் எடுக்கும் ஆசையில் ஆறு மணிக்கெல்லாம் பைக்காரா பக்கம் கிளம்பியாச்சு. கையில் நூல் கிளவுஸ். பத்து நிமிஷத்தில் வலித்தது, இருபதாவது நிமிஷத்தில் வலி நின்றுவிட்டது. அப்பாடா, பழகிடுச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வளைவில் எதிரே ஜீப் வந்தபோதுதான் தெரிந்தது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே விரலுக்குத் தெரியவில்லை. முதலில் ஒன்றுமே பிடிக்கவில்லை, அப்புறம் மொத்தமாகப் பிடித்தது. பின் வீல் ஒரு ஆட்டம் ஆடி நின்றது. ஜீப் டிரைவர் அண்ணன் கண்ணாடியை இறக்கி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

வலி நின்றது நல்ல சகுனம் இல்லை, உணர்ச்சி போய்விட்டது என்று அர்த்தம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். பிரேக் லீவரைத் தேடுவதில் ஒரு நொடி போனால் ஒரு டிரெய்லர் லாரியின் நீளம் போய்விட்டது.

விரலுக்கு அடுத்து குளிர் பிடிப்பது புத்தியை. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. முதலில் உடம்பு நடுங்கும். பேச்சு குழறும், சாவி கை நழுவும், இறங்கி நடந்தால் தள்ளாடும். அப்புறம் முடிவெடுக்கும் திறன் மங்கும். இதில் ஆபத்து என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. "நான் ஓகேதான், இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே" என்பார். கூட வருகிற நண்பர்தான் கவனிக்க வேண்டும். நடுக்கம் திடீரென்று நின்று ஆள் அமைதியாகிவிட்டால் நிலைமை மோசமாகிறது என்று பொருள். உடனே காற்று இல்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், ஈர உடையை மாற்றி, போர்த்திவிட்டு, மருத்துவ உதவிக்கு வழி பார்க்க வேண்டும்.

இதற்கு மைனஸ் டிகிரி கூடத் தேவையில்லை. 10 டிகிரியில் மழையில் நனைந்துகொண்டே இரண்டு மணி நேரம் கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டினாலே போதும். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

"ஒரு பெக் போட்டா சூடு ஏறிடும் மச்சி" என்று ஒரு நண்பர் எல்லா கேங்கிலும் இருப்பார். உடம்பு கஷ்டப்பட்டுச் சுருக்கி வைத்த ரத்தக் குழாய்களை ஆல்கஹால் விரித்துவிடும். சூடான ரத்தம் தோலுக்கு வரும், கதகதப்பாகத் தெரியும். உண்மையில் அந்தச் சூடு உங்களை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது.

அப்ப வண்டிக்கு ஒண்ணுமே ஆகாதா?

ஆகும். இன்ஜின் ஆயில் கேனில் 15W-50 என்று போட்டிருக்குமே, அந்த W வின்டருக்கானது. 15W ஆயிலின் குளிர்ச் சோதனை மைனஸ் 20 டிகிரியில் நடக்கிறது. 10W என்றால் மைனஸ் 25, 5W என்றால் மைனஸ் 30, 0W என்றால் மைனஸ் 35. நம்ம ஊருக்கு ஊற்றும் ஆயிலோடு ஜனவரியில் லடாக்கில் ராத்திரி வண்டியை வெளியே நிறுத்தினால், காலையில் இன்ஜினுக்குள் இருப்பது ஆயில் இல்லை, பாகு.

அந்தப் பாகைச் சுற்ற வேண்டிய பேட்டரியும் அந்நேரம் பாதி உயிரோடுதான் இருக்கும். மைனஸ் 18 டிகிரி வாக்கில் லெட்-ஆசிட் பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். இப்போது வருகிற பல பைக்குகளில் கிக்கரும் கிடையாது. அதனால்தான் குளிர் தேசத்தில் ஓட்டுகிறவர்கள் ராத்திரி பேட்டரியைக் கழற்றி ரூமுக்குள் எடுத்துப்போய் வைத்துக்கொள்கிறார்கள். சூடேறும் ஜாக்கெட், சூடேறும் கிரிப் என்று கடையில் பார்த்ததையெல்லாம் மாட்டுவதற்கு முன், உங்கள் வண்டியின் ஆல்டர்னேட்டர் அவ்வளவு வாட்ஸ் தருமா என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். தராவிட்டால், பகலெல்லாம் நீங்கள் கதகதப்பாக இருந்ததற்கான பில் மறுநாள் காலை ஸ்டார்ட்டர் பட்டனில் வரும்.

லிக்விட் கூல்டு வண்டி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டரைப் பாருங்கள். வெயிலில் கூலன்ட் குறைந்தபோது வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளித்திருந்தால், அது உறைந்து விரியும்போது ரேடியேட்டரையே பிளந்துவிடும். பெட்ரோல் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. டீசல்தான் மெழுகு மாதிரி திரளும், கூடவே வரும் ஜீப்காரர்களுக்குத்தான் அந்தக் கவலை. அதற்காகவே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்குத் தனியாக மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது.

டயரில் ஒரு வேடிக்கை உண்டு. 30 டிகிரியில் 32 பிஎஸ்ஐ அடித்த டயர், மைனஸ் 10-ல் சுமார் 6 பிஎஸ்ஐ குறையும். ஆனால் லே மாதிரி 3,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். கேஜ் காட்டுவது உள்ளே வெளியே வித்தியாசத்தை என்பதால், இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துபோய் ரீடிங் பெரிதாக மாறாது. காற்று பரவாயில்லையே என்று தோன்றும், ஆனால் ரப்பர் விறைத்துப்போயிருக்கும். முதல் சில கிலோமீட்டர்களுக்கு வளைவுகளில் சாய்ப்பதை மறந்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் இமயமலை போகலாமா?

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மணாலி–லே பாதை பனியில் மூடிவிடும், அவ்வளவுதான். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தபிறகு, குளிர்காலத்திலும் லாஹௌல் பக்கம் எட்டிப்பார்க்க முடிகிறது. சிம்லாவில் இருந்து கின்னௌர் வழியாக ஸ்பிட்டிக்கும் குளிர்காலத்தில் போகிறார்கள். வீடியோக்கள் வேறு ஆசையைத் தூண்டுகின்றன.

அந்த வீடியோவில் தெரியாத ஒன்று, பிளாக் ஐஸ். பகலில் உருகிச் சாலையில் வழிந்த தண்ணீர் ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். தார் ரோட்டின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மலையின் நிழல் விழும் வளைவுகள், பாலங்கள், ஓடை குறுக்கிடும் இடங்களில் எதிர்பார்க்கலாம். மாட்டிக்கொண்டால் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், திராட்டிலை மெதுவாக விட்டு வண்டி தானாக வேகம் குறையட்டும். வெயில் ஏறியபின் கிளம்பி, சாயும் முன் ஊர் சேர்வது அங்கே எழுதாத சட்டம்.

ஐஸ் மீது இரண்டு சக்கரம் நம்பத்தக்கதல்ல என்று ஜெர்மன்காரர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரியும். 1956-ல் ஆரம்பித்து, இன்றும் நடுங்கும் குளிரில் பவேரியக் காட்டுக்குள் 'யானைகள் சந்திப்பு' என்று ஒரு பைக் திருவிழா நடத்துகிறார்கள். 'பச்சை யானை' என்ற பட்டப்பெயர் கொண்ட சுண்டாப் பைக்கால் வந்த பெயர் அது. அந்த யானை பெரும்பாலும் சைடுகார் மாட்டிய மூன்று சக்கர வண்டி.

இன்னொரு ஆபத்து ரோட்டில் இல்லை, ரூமில் இருக்கிறது. கரி அடுப்பை மூடிய அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி உயிர்கள் போகின்றன.

விரல் வெள்ளையாகி, மெழுகு மாதிரி கெட்டிப்பட்டால் அது ஃப்ராஸ்ட்பைட். தேய்க்காதீர்கள், நெருப்பில் காட்டாதீர்கள். மரத்துப்போன விரலுக்குச் சுடுவது தெரியாது. திரும்பவும் உறையாது என்ற உறுதி இருந்தால் மட்டும் 37–39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, எதைப் போட்டுக்கொள்வது?

தடிமனான ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். தோலை ஒட்டி வியர்வையை வெளியேற்றும் பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, நடுவில் காற்றைப் பிடித்துவைக்கும் ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி பனியன் நம்ம வெயிலுக்கு அமிர்தம், குளிருக்கு எதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பிலேயே ஐஸ் ஒத்தடம் கொடுக்கும். கிளவுஸ் இறுக்கமாக இருந்தால் ரத்தம் போகாது, அரை சைஸ் தளர்வாக இருக்கட்டும். ஹேண்டில்பாரையே மூடும் மஃப் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எந்த விலையுயர்ந்த கிளவுஸையும்விட நன்றாக வேலை செய்யும். காற்று கையில் பட்டால்தானே!

ஒரகடம் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. காற்றுப் புகாத கிளவுஸ் ஒன்று போதும். ஆனால் தடித்த குரங்கு குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் போட்டால் ஃபிட்டிங் போய்விடும், மெல்லிய பாலகிளாவா வாங்கிக்கொள்ளுங்கள். மஃப்ளர் நுனியை ஜெர்கினுக்குள் சொருகுங்கள், செயினுக்கு அது தெரியாது. வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டில் பனிமூட்டம் இறங்கும் நாட்களில், லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, கண்ணில் படும்போது ரொம்பப் பக்கத்தில் இருக்கும். மூச்சில் வைஸர் மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

இதெல்லாம் வாங்க காசு இல்லாத காலத்தில் நம்ம ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். சட்டைக்கும் பனியனுக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். மடிப்புகளுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும், எதிர்க்காற்று ஊடுருவாது, சயின்ஸ்படி சரியான வேலை. டிஜிட்டல் டெஸ்கில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையை நீங்கள் நெஞ்சில் சொருகிக்கொள்ள முடியாது, அதற்குப் பிரிண்ட் எடிஷன்தான் வேணும்.

கிளம்பும் முன்போ, வழியில் நிற்கும்போதோ செய்து பார்க்க ஒரு சின்ன டெஸ்ட் இருக்கிறது. கட்டை விரலால் அதே கையின் சுண்டு விரலைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் அந்தக் கையால் பிரேக் பிடிக்க முடியாது, சூடு ஏறும் வரை ஓட்டாதீர்கள். போன வாரம் வடக்குப்பட்டு டீக்கடையில், ஷிஃப்டுக்குப் போகிற அண்ணன் ஒருவரைச் செய்து பார்க்கச் சொன்னேன். ஈஸியாகத் தொட்டுவிட்டுச் சிரித்தார். நான் செய்தேன். ரெண்டாவது டீ சொல்ல வேண்டியதாகிவிட்டது.